ஒரு எஸ்எஸ்டி போட அஞ்சு நாள்

நேத்து ராத்திரி 11 மணிக்குத்தான் கம்ப்யூட்டரோட பக்கத்து மூடியைத் திரும்பப் போட்டு ஸ்க்ரூ முடுக்கினேன்.

அதைக் கழட்டினது போன ஞாயித்துக்கிழமை காலையில.

நடுவுல ஒரு தடவை மெட்ராஸ் போயிட்டு வந்தேன். கழட்டறதுக்கு முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து காப்பி ஆகுறதைப் பார்த்தேன். ஒரு குட்டி ஸ்க்ரூவுக்காக ஆரணி மார்க்கெட் ரோட்டுல நாலு கடை ஏறி இறங்கினேன். மாத்த வேண்டியது என்னமோ ஒரே ஒரு பொருள்தான். சூயிங்கம் பட்டை சைஸுக்கு ஒரு எஸ்எஸ்டி.

ஆத்திரம் இன்னும் முழுசா ஆறல. ஆனா கத்துக்கிட்டது நிறைய. சூடா இருக்கும்போதே எழுதிடறேன். உங்கள்ல யாராவது இதே வேலையைப் பண்ணப் போறீங்கன்னா, அஞ்சு நாள் ஒரு நாளாக் குறையட்டும்.

முதல்ல, எதுக்கு இந்த வேலைன்னு சொல்லிடறேன்.

புதுசா வர்றவங்களுக்காக: நான் ஆரணியில பட்டுச் சேலைக்கு டிசைன் போடறவ. அப்பா நாப்பது வருஷம் குழித்தறியில உட்கார்ந்தவரு. அவர் காலத்துல டிசைனை கிராப் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைவாங்க. அதைப் பார்த்து அட்டையில ஓட்டை போடுவாங்க. அந்த அட்டைங்களை நூல்ல கோத்து ஜக்கார்டு பெட்டியில மாட்டுவாங்க. இப்ப நான் அதே கட்டத்தை கம்ப்யூட்டர்ல போடறேன். ஃபைலைக் கொண்டுபோனா அட்டை அடிக்கிற இடத்துல மெஷின் அடிச்சுக் கொடுத்துடுது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வெச்சிருக்கவங்களுக்கு அட்டையே வேணாம், பென்டிரைவ் போதும்.

இந்தக் கம்ப்யூட்டர் 2018-ல வேலூர்ல அசெம்பிள் பண்ணது. 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏழு வருஷத்துக்கு மேல நல்லாத்தான் உழைச்சுது.

ரெண்டு மாசமா ஆன் பண்ணினா மூணு நிமிஷம், நாலு நிமிஷம். டிசைன் ஃபைலைத் தொட்டா அரை நிமிஷம் யோசிக்குது. முகூர்த்த சீசன். வாட்ஸ்அப்ல முள்ளிப்பட்டுல இருந்து ஒருத்தர், "அக்கா அந்த முந்தி டிசைன் அனுப்பிட்டீங்களா, பாவு ஏத்தி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்"னு கேட்கறாரு. நான் இங்க சுத்தற வட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் உள்ள இருந்து டக், டக்னு ஒரு சத்தம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லும். போட்டுப் பார்த்தேன். நீலமா இருக்க வேண்டிய இடம் மஞ்சளா இருந்துச்சு. ரீஅலொகேட்டட் செக்டார்னு ஒரு வரி. அதாவது, டிஸ்க்குல சில இடம் கெட்டுப்போய், கையிருப்புல இருக்கிற நல்ல இடத்துக்கு எழுத்தை மாத்தி வெச்சிருக்குன்னு அர்த்தம். மஞ்சள் வந்த உடனே டிஸ்க் செத்துடாது. ஆனா அதுக்கப்புறம் அதை நம்பி எதையும் வெக்கக் கூடாது. (தயவு செஞ்சு இன்னைக்கே உங்க கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.)

ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவா இருக்குன்னு அப்பா கேட்டாரு. தறியை வெச்சே சொன்னேன்.

உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுத்து சுத்துது. நொடிக்கு 120. கேட்க வேகமாத்தான் இருக்கு. ஆனா வேணும்ங்கிற இடம் சுத்தி வந்து நிக்க சராசரியா அரைச் சுத்து ஆகும், அதாவது 4 மில்லி செகண்டுக்கு மேல. அதுக்கு முன்னாடி படிக்கிற முள்ளு சரியான வரிசைக்கு நகர்ந்து போகணும், அது ஒரு 8, 10 மில்லி செகண்ட். ஒரு தடவைக்கு இது ஒண்ணுமில்ல. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலை இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு பொறுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் அந்த முள்ளு ஓடணும், நாடா அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஓடுற மாதிரி.

எஸ்எஸ்டியில ஓடறதுக்கு எதுவுமே இல்ல. எல்லாம் சிப்பு.

"நாடாவே இல்லாத தறியா?"ன்னு கேட்டாரு அப்பா.

ஆமாப்பா, அதேதான்.

சரி. வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. கடையில விலையைக் கேட்டா தூக்கிவாரிப் போட்டுது. போன வருஷ நடுவுல விசாரிச்ச விலையே இல்ல இது. ஏஐக்குன்னு உலகம் முழுக்க டேட்டா சென்டர் கட்டறாங்க, மெமரி சிப்பு எல்லாம் அங்க போகுது, நமக்கு வர்றது குறைஞ்சு விலை ஏறிடுச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கு விக்கற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. எத்தனையோ வருஷமா நாம பேர் சொல்லிக் கேட்டு வாங்கின பிராண்டு அது. இது முதல் தடவையும் இல்ல. 2011-ல தாய்லாந்துல பெரிய வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரிங்க மூழ்கினப்ப இங்க டிஸ்க் விலை எகிறுச்சு. பட்டு நூல் விலை பெங்களூருல ஏறினா ஆரணியில தறி நிக்கும், அது நமக்குப் பழக்கம். எங்கேயோ இருக்கிற டேட்டா சென்டருக்காக என் வீட்டு டிஸ்க் விலை ஏறறதுக்கு இன்னும் பழகல.

சனிக்கிழமை வேற வேலையா மெட்ராஸ் போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில வாங்கிட்டேன். "எம்.2 எஸ்எஸ்டி, 1 டிபி கொடுங்க." கொடுத்தாங்க. என் மதர்போர்டுல எம்.2 ஸ்லாட் இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும், கண்ணால பார்த்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி, புதுசா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி எல்லாத்தையும் காப்பி போட்டேன். இந்த மொத்தக் கூத்துல நான் உருப்படியா பண்ண முதல் வேலை இதுதான். அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

620 ஜிபி. முன்பக்க யுஎஸ்பியில மாட்டினேன். நொடிக்கு 30 எம்பி. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஆறு மணி நேரம்.

அப்புறம்தான் கவனிச்சேன், முன்பக்க ஓட்டைக்குள்ள கறுப்பா இருக்கு. பின்பக்கத்துல ரெண்டு மட்டும் நீலமா இருக்கு. பொதுவா கறுப்பு யுஎஸ்பி 2, நீலம் யுஎஸ்பி 3. கழட்டி நீலத்துல மாட்டினேன். 100 எம்பிக்கு ஏறிச்சு. பெரிய ஃபைல்னா அந்த வேகம் நிக்குது. குட்டிக் குட்டி ஃபைல் வந்தா சட்டுனு இறங்கிடுது. கெட்ட செக்டார் வந்தா அப்படியே நின்னு மூச்சு வாங்குது.

நடு ராத்திரி கரண்ட் போச்சு.

யுபிஎஸ் பீப், பீப்னு கத்த ஆரம்பிச்சுது. எங்க வீட்டு யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். நல்லபடியா நிறுத்தி, ஷட் டவுன் பண்ணி, கரண்ட் வந்ததும் திரும்ப ஆரம்பிச்சேன். இந்த மாதிரி நேரத்துக்கு மவுஸால இழுத்துப் போடற காப்பி ஆகாது. விண்டோஸ்லயே ரோபோகாப்பின்னு ஒண்ணு இருக்கு. நடுவுல நின்னா ஏற்கெனவே போன ஃபைலை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். கடைசியில எத்தனை ஃபைல் போச்சு, எத்தனை போகலன்னு கணக்கும் கொடுக்கும். மூணு ஃபைல் போகல. மூணும் 2019-ல எடுத்த ஏதோ வீடியோ. மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிச்சிட்டு மூடியைக் கழட்டினேன்.

எம்.2 ஸ்லாட்டுல எஸ்எஸ்டியை வெச்சு அழுத்தினேன். சொகுசாப் போய் உட்கார்ந்துச்சு. ஸ்க்ரூ இல்ல. (அந்தக் கதை தனி.) சும்மா சோதிச்சுப் பார்க்கத்தானேன்னு ஒரு டேப் ஒட்டி ஆன் பண்ணினேன்.

பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டே காட்டற செட்டிங் திரை) காட்டல.

ஆஃப் பண்ணி, கழட்டி, துடைச்சு, திரும்ப மாட்டினேன். காட்டல. பயாஸ்ல ஒவ்வொரு பக்கமாப் போய்த் தேடினேன். காட்டல. பொருள் கெட்டுப் போயிருக்குன்னே நெனச்சேன்.

மதியத்துக்கு மேல நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற தம்பி வந்தாரு. எஸ்எஸ்டியைக் கையில வாங்கி ஒரே ஒரு பார்வை பார்த்தாரு.

"அக்கா, இது சாட்டா. உங்க போர்டு என்விஎம்இ மட்டும்தான் எடுக்கும்."

"எம்.2ன்னுதானே கேட்டு வாங்கினேன்?"

"எம்.2ங்கறது வடிவம் மட்டும்தாங்க்கா. உள்ள பேசற பாஷை வேற வேற."

இங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தத் தம்பி மேல இல்ல. இந்த ஏற்பாட்டு மேல.

எம்.2ன்னா அந்தப் பட்டையோட அளவும் ஸ்லாட்டோட வடிவமும்தான். 2280ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அவ்வளவுதான். அதுக்குள்ள சாட்டாவும் ஓடலாம், என்விஎம்இயும் ஓடலாம். சாட்டா பழைய வழி, நொடிக்கு அதிகபட்சம் 550 எம்பி பக்கம் வரும். என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு வேகம். சில போர்டு ரெண்டையும் எடுக்கும். சிலது சாட்டா மட்டும். சிலது என்விஎம்இ மட்டும். சாட்டா பட்டையில பெரும்பாலும் ரெண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில பெரும்பாலும் ஒரு வெட்டு. ரெண்டு வெட்டு இருக்கிறது ரெண்டு வகை ஸ்லாட்டுலயும் போய் உட்காரும். உட்காரும், ஆனா எல்லாத்துலயும் வேலை செய்யாது.

அப்பா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "240 பெட்டி அட்டையை 480 பெட்டியில மாட்டிப் பாரு. உட்காரவே உட்காராது. தப்புன்னா அங்கயே தெரிஞ்சுடும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! தறிக்காரன் கடைக்குப் போனா 120 கொக்கியா, 240 கொக்கியான்னு முதல் கேள்வியே அதுதான். தப்பான அட்டை தப்பான பெட்டியில ஏறாது. இருநூறு வருஷத்துக்கு முந்தின மெஷின்ல இருக்கிற இந்த நேர்மை, இன்னைக்குப் பண்ற போர்டுல இல்ல. பொருந்தாததைப் பொருந்தற மாதிரி வடிவம் கொடுத்து வெச்சிருக்காங்க. வாங்கறவங்க மேனுவலைப் படிக்கணுமாம். மேனுவல்ல இது ஒரு வரியில, சின்ன எழுத்துல இருக்கு.

திங்கக்கிழமை திரும்ப மெட்ராஸ் பஸ். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். பில் பத்திரமா இருந்ததால மாத்திக் கொடுத்துட்டாங்க, வித்தியாசத்தை மட்டும் கட்டினேன். (பில்லைத் தூக்கிப் போடாதீங்க. வாரண்டிக்கும் அதுதான்.)

செவ்வாய்க்கிழமை ஸ்க்ரூ.

எம்.2 பட்டையை ஒரு பக்கம் ஸ்லாட் பிடிச்சுக்கும். இன்னொரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். அதை அழுத்திப் பிடிக்க ஒரு குட்டி ஸ்க்ரூ, அது உட்கார கீழ ஒரு குட்டி பித்தளைக் கால். ரெண்டும் போர்டு வாங்கும்போது டப்பாவுல வரும். 2018 டப்பாவை யாரு வெச்சிருக்கா? கால் இல்லாம ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினா பட்டை வளையும், அதுவும் கூடாது.

கண்ணாடிக் கடையில கேட்டேன், அங்க இருக்கிறது இதைவிடப் பொடிசு. வாட்ச் கடையில இல்ல. ஹார்டுவேர் கடை அண்ணன், "இவ்ளோ சின்னதுக்கு நான் எங்கம்மா போவேன்"னாரு. கடைசியில ஒரு செல்போன் ரிப்பேர் கடையில, உடைஞ்ச லேப்டாப்புங்கள்ல இருந்து கழட்டின ஸ்க்ரூவை எல்லாம் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருந்தாரு. 2 மில்லிமீட்டர் தடிமன், 3 மில்லிமீட்டர் நீளம். காலும் கிடைச்சுது. காசு வேணாம்னுட்டாரு. அந்த அண்ணனுக்கு இங்க ஒரு பெரிய நன்றி.

மாட்டினேன். பயாஸ்ல காட்டிச்சு. கை தட்டிட்டேன்.

ஆனா பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்.

ஒரு நிமிஷம் வயித்துல புளியைக் கரைச்சுது. மஞ்சள் காட்டின டிஸ்க் இல்லையா, போயிடுச்சுன்னே நெனச்சேன். இந்தத் தடவை மேனுவலை நெட்டுல இறக்கி ஒழுங்காப் படிச்சேன். அங்க இருந்துச்சு: எம்.2 ஸ்லாட்டுல எஸ்எஸ்டி போட்டா இன்ன நம்பர் சாட்டா போர்ட் வேலை செய்யாது. நிறைய போர்டுல இப்படித்தான். உள்ள இருக்கிற பாதை குறைவு. அதனால ரெண்டு பேருக்கு ஒரே வழியைப் பங்கு போட்டு வெச்சிருக்காங்க, ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் நகரணும். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாத்தினேன். டிஸ்க் வந்துடுச்சு.

செவ்வாய் ராத்திரி குளோனிங். பழைய டிஸ்க்கை அச்சு அசலா புதுசுக்கு நகல் எடுக்கறது. குளோன்சில்லான்னு இலவச சாஃப்ட்வேர். ராத்திரி போட்டுட்டுப் படுத்தேன், காலையில முடிஞ்சிருந்துச்சு.

ஆன் பண்ணினா கறுப்பு ஸ்க்ரீன். பூட் டிவைஸ் இல்லையாம்.

இதுக்கான காரணம் 2018-லயே இருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் அசெம்பிள் பண்றவங்க வழக்கமா பண்றது: ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப்னு நாலாப் பிரிக்கறது, பழைய எம்பிஆர் முறையில. நமக்கும் அது பிடிச்சுப் போச்சு. டி-யில படம், இ-யில பாட்டு. எம்பிஆர் ரொம்பப் பழைய ஏற்பாடு. நாலு பெரிய பங்குக்கு மேல போட முடியாது. அதுக்கு மேல வேணும்னா எக்ஸ்டெண்டட்னு ஒண்ணைப் போட்டு அதுக்குள்ள பிரிக்கணும். 2 டிபிக்கு மேல பெரிய டிஸ்க்கை அதால முழுசாப் பார்க்கவும் முடியாது. புது முறைக்குப் பேரு ஜிபிடி, அது யுஇஎஃப்ஐ பயாஸோட சேர்ந்து வேலை செய்யும். என் போர்டு என்விஎம்இ-யில இருந்து ஆன் ஆகணும்னா புது முறைதான் வேணும். நான் நகல் எடுத்து வெச்சிருக்கிறது பழைய முறை. அச்சு அசலா எடுத்தா பழைய குறையும் அச்சு அசலாத்தானே வரும்!

மாத்தறதுக்கு மைக்ரோசாஃப்ட்டே ஒரு கருவி கொடுக்கறாங்க, எம்பிஆர்2ஜிபிடின்னு. ஓட்டிப் பார்த்தேன். முடியாதுன்னுடுச்சு. அந்த எக்ஸ்டெண்டட் இருந்தா அது தொடாது.

புதன்கிழமை பூரா புதுசா விண்டோஸ் போடறதுல போச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுடுச்சு, அதனால 11 போட்டேன். என்னோடது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர், 11 எடுக்கிற பட்டியல்ல அங்கிருந்துதான் ஆரம்பம். பயாஸ்ல டிபிஎம்ங்கற பாதுகாப்பு அம்சத்தை மட்டும் ஆன் பண்ண வேண்டியிருந்துச்சு.

இங்க ஒரு விஷயம் தைரியமாச் சொல்றேன். புதுசா விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிடுங்க. எக்ஸ்டர்னலையும் கழட்டிடுங்க. திரையில டிஸ்க் 0, டிஸ்க் 1ன்னு ரெண்டு வரும். ரெண்டும் 931 ஜிபின்னு காட்டும். எது புதுசு எது பழசுன்னு தூக்கக் கலக்கத்துல தெரியாது. ஒரு கிளிக் தப்பினா பழசு முழுக்கக் காலி.

(1 டிபி வாங்கினா ஏன் 931 ஜிபி காட்டுதுன்னு ரெண்டு பேரு ஏற்கெனவே என்கிட்ட கேட்டிருக்காங்க. யாரும் திருடல. கம்பெனி 1,000 1,000-ஆ எண்ணுது, விண்டோஸ் 1,024 1,024-ஆ எண்ணுது. 6 கஜம் சேலையை மீட்டர்ல அளந்தா 5.5தான் வரும். துணி குறையல, அளவுகோல் வேற.)

அடுத்து, டிசைன் சாஃப்ட்வேர். யுஎஸ்பியில ஒரு லாக் மாட்டினாத்தான் அது ஓடும். லாக்கைப் புது விண்டோஸ் அடையாளம் கண்டுக்கல. டிரைவர் பழசு. வித்தவங்களுக்கு மூணு தடவை போன் பண்ணி, புது டிரைவரை மெயில்ல வாங்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. உங்க தொழிலுக்குன்னு தனி சாஃப்ட்வேர் வெச்சிருந்தீங்கன்னா, மூடியைக் கழட்டறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவங்ககிட்ட பேசி வெச்சுக்கோங்க.

வியாழக்கிழமை ஃபைல் எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவந்து வெச்சேன். அப்பதான் இந்த அஞ்சு நாள்ல எனக்குப் பெருசாத் தோணின ஒண்ணு நடந்துச்சு.

டிசைன் ஃபைலை மட்டும் தனி ஃபோல்டர்ல சேர்த்து எவ்வளவுன்னு பார்த்தேன். 2018-ல இருந்து நான் போட்ட அத்தனை பார்டர், அத்தனை புட்டா, அத்தனை முந்தி. அப்பாவோட பழைய கிராப் பேப்பரை எல்லாம் பார்த்து திரும்பப் போட்டது. மொத்தமும் சேர்த்து 4 ஜிபி.

620-ல 4.

மிச்சம் முழுக்க கல்யாண வீடியோ, சேலையைக் காட்டற வீடியோ, ஒரே போட்டோவோட நாலு நகல், வாட்ஸ்அப்ல வந்த குட்மார்னிங்.

ஜக்கார்டு டிசைன் ஃபைல் அவ்வளவு சின்னதாத்தான் இருக்கும், யோசிச்சுப் பாருங்க. ஒரு கட்டம், ஒரு கேள்வி: கொக்கி தூக்கணுமா, வேணாமா? அட்டையில ஓட்டை இருந்தா கொக்கி மேல போகும், பாவு இழை எழும்பும். ஓட்டை இல்லன்னா கீழயே நிக்கும். ஆமா, இல்ல. ஒண்ணு, சைபர். கம்ப்யூட்டர் பேசற அதே பேச்சு. இது தற்செயலும் இல்ல. பிரான்ஸ்ல லியோன்னு ஒரு பட்டு ஊரு. நம்ம ஆரணி மாதிரியே நெசவாளிங்க ஊரு. அங்க 1800-கள் தொடக்கத்துல ஜோசப் மரீ ஜக்கார்டு இந்த அட்டைத் தறியை உருவாக்கினாரு. அவர் உருவத்தையே 1839-ல பட்டுல நெய்தாங்க, அதுக்கு மட்டும் சுமார் 24,000 அட்டை. அதுல ஒரு படத்தை, கணக்குப் போடற இயந்திரத்துக்குத் திட்டம் போட்ட சார்லஸ் பாபேஜ் வாங்கி வெச்சிருந்தாரு. தன் இயந்திரத்துக்கும் அட்டையிலதான் கட்டளை கொடுக்கணும்னு திட்டம் வெச்சிருந்தாரு. 1890-ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை போட்ட அட்டையிலதான் எண்ணினாரு. அவரோட கம்பெனி வேற சில கம்பெனிங்களோட சேர்ந்து, பின்னாடி ஐபிஎம்னு பேர் மாறிச்சு.

எங்க வீட்டுப் பரண்ல ஒரு சாக்குல அப்பாவோட அட்டைக் கட்டு இன்னும் இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் அதை இறக்கினோம். ஒரு அட்டை 240 கொக்கிக்கு. 240 ஆமா-இல்ல. கம்ப்யூட்டர் கணக்குல 30 பைட். நான் வாங்கின சூயிங்கம் பட்டை கொள்றதை எல்லாம் அந்த அட்டையில அடிக்கணும்னா 3,333 கோடி அட்டை வேணும். ஒரு அட்டை அரை மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சு அடுக்கினாலும் 16,000 கிலோமீட்டருக்கு மேல போகும். பூமியோட குறுக்களவே 12,742 கிலோமீட்டர்தான்.

அப்பாகிட்ட சொன்னேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது ரெட்டைப்பேட்டு பார்டர். உன் அத்தை கல்யாணத்துக்கு நெய்தது"ன்னாரு. ஓட்டையைப் பார்த்தே சொல்லிட்டாரு. முப்பது வருஷம் பரண்ல கிடந்த அட்டை, கரண்ட்டும் வேணாம், லாக்கும் வேணாம், டிரைவரும் வேணாம், இன்னைக்கும் படிக்க முடியுது.

நான் வாங்கின எஸ்எஸ்டியால அது முடியாது. சிப்புக்குள்ள மின்சாரத்தை அடைச்சு வெச்சுத்தான் அது ஞாபகம் வெச்சுக்குது. வருஷக்கணக்கா கரண்ட் காட்டாம பீரோவுல வெச்சா அந்த மின்சாரம் மெதுவாக் கசிஞ்சு எழுத்து அழியலாம். வேகத்துக்கு எஸ்எஸ்டி. பீரோவுல வெச்சுப் பூட்டி பத்திரப்படுத்தறதுக்கு அது இல்ல.

அதனால நான் பண்ணது இது. 4 ஜிபி டிசைன் ஃபோல்டர் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேலூர்ல தங்கச்சி வீட்டுல ஒரு பென்டிரைவ்ல ஒண்ணு, இலவசமா கிடைக்கிற கிளவுட்ல ஒண்ணு. மாசா மாசம் அமாவாசை அன்னைக்கு எல்லாத்தையும் புதுப்பிக்கறதுன்னு வெச்சிருக்கேன். தறிக்கு லீவு விடற நாள், மறக்காது. மஞ்சள் காட்டின பழைய டிஸ்க்கைக் கழட்டி, மேல தேதி எழுதி, தனியா வெச்சாச்சு. அதுல எதையும் நம்பி வெக்கல.

அப்பாவோட அட்டையை எல்லாம் ஒண்ணொண்ணா போட்டோ எடுக்கற வேலையை நாளைக்கு ஆரம்பிக்கறேன்.

இப்ப கம்ப்யூட்டர் 15 நொடியில ஆன் ஆகுது. டிசைன் ஃபைல் தொட்ட உடனே திறக்குது. பட்ட கஷ்டத்துக்குப் பலன் இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்லயே விண்டோஸ் வெச்சிருக்கவங்க யாரா இருந்தாலும் எஸ்எஸ்டிக்கு மாறுங்கன்னுதான் சொல்வேன். வாங்கப் போறதுக்கு முன்னாடி போர்டு பேரை எழுதிக்கிட்டு, மேனுவலைப் படிச்சு, சாட்டாவா என்விஎம்இயான்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க. ஸ்க்ரூ இருக்கான்னு பாருங்க. போர்ட் பங்கு இருக்கான்னு பாருங்க.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு. இந்த ஊர்ல டிசைன் போடற அக்கா, அண்ணன், தம்பிங்க நிறைய பேரு இதைப் படிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட இருக்கிற டிசைன் வேற யார்கிட்டயும் இல்ல. அது கெட்டுப்போற வரைக்கும் அது எவ்வளவு சின்ன இடத்துல இருக்குன்னு நமக்குத் தெரியறதில்ல. டிஸ்க்கை எந்தக் கடையிலயும் வாங்கிக்கலாம். அந்த 4 ஜிபியை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.

புது டிஸ்க் அப்புறம் வாங்கிக்கலாம். இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பென்டிரைவ் எடுங்க, டிசைன் ஃபோல்டரைக் காப்பி பண்ணுங்க, அதை உங்க வீட்டுல வெக்காம வேற ஒருத்தர் வீட்டுல கொடுத்து வையுங்க.